கீழே வைக்கக்கூடிய விளையாட்டு

நாற்பதைத் தாண்டிய ஒரு தமிழ் விரிவுரையாளர் வீடியோ கேம் ஆடுபவர் என்று தெரியவரும்போது இலக்கிய நண்பர்கள் சிலர் சிரிக்கிறார்கள். சிலர், "மனசுக்கு ரிலாக்ஸா இருக்கும், இல்லையா?" என்று எனக்காக அவர்களே ஒரு சமாதானத்தைக் கண்டுபிடித்துத் தருகிறார்கள். சிரிப்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. சமாதானம் சொல்பவர்களிடம்தான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

இளைப்பாறுதல் என்ற நம் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். இளைப்பு இருந்தால்தான் அது ஆறும். வெயிலில் நடந்து வந்தவனுக்குத்தான் திண்ணை. நாள் முழுக்கத் திண்ணையிலேயே இருப்பவனுக்கு அது வெறும் மேடை. இன்று 'ரிலாக்ஸிங் கேம்' என்று தனி வகைமையாக விற்கப்படுபவை பலவற்றை ஆடிப் பார்த்தபோது எனக்குப் பட்டது இதுதான்: வெயிலை நீக்கிவிட்டுத் திண்ணையை மட்டும் கட்டியிருக்கிறார்கள். அல்லது இன்னும் மோசமாக, திண்ணை என்று சொல்லி அலுவலகம் ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள்.

பண்ணை விளையாட்டுகளை எடுத்துக்கொள்ளலாம். 1996இல் யசுஹிரோ வாடா உருவாக்கிய 'ஹார்வெஸ்ட் மூன்' இவ்வகைக்கு முன்னோடி. அதன் வழியில் எரிக் பரோன் என்ற இளைஞர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனியொருவராக உழைத்து, படமும் இசையும் நிரலும் தானே செய்து 2016இல் வெளியிட்டது 'ஸ்டார்டியூ வேலி'. (தொல்காப்பிய உரியியல் 'பண்ணை' என்ற சொல்லுக்கே விளையாட்டு என்றுதான் பொருள் சொல்கிறது. இந்தத் தற்செயலை வகுப்பில் ஒருமுறை சொன்னேன். உரியியலில் மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தது அன்று ஒருநாள்தான்.) அழகான ஆட்டம், ஐயமில்லை. தாத்தா விட்டுச்சென்ற நிலம், மழை நாளில் நீர் பாய்ச்ச வேண்டாத நிம்மதி, ஊரில் ஆளுக்கொரு துயரம். ஆனால் திரையின் மூலையில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆட்டத்தின் ஒரு நாள் நம் கணக்கில் ஏறக்குறைய 14 நிமிடம். காலை ஆறு மணிக்கு எழுந்த உழவன் இரவு இரண்டு மணிக்குள் படுக்கைக்குப் போகாவிட்டால் நின்ற இடத்தில் மயங்கி விழுவான். உடல்வலுவைக் காட்டும் ஒரு பட்டி வேறு, வெட்ட வெட்டக் குறைந்துகொண்டே வரும். நாற்பது விடைத்தாள் திருத்திவிட்டு வந்து நான் ஆடியது இன்னொரு விடைத்தாள் கட்டு.

2020 மார்ச்சில், உலகமே கதவடைத்த அதே மாதம் வெளிவந்த 'அனிமல் கிராஸிங்: நியூ ஹொரைஸன்ஸ்' இதற்கு மறுகோடி. அங்கு காலம் நம் கடிகாரத்தின்படியே ஓடும். நமக்கு இரவென்றால் தீவிலும் இரவு. வீட்டுக் கடனுக்கு வட்டியும் கிடையாது, கெடுவும் கிடையாது. நம் கூட்டுறவு வங்கிகள் அறியாத கருணை. இருந்தும், ஞாயிற்றுக்கிழமை கிழங்கு வாங்கி, அது அழுகுவதற்குள் நல்ல விலை வந்ததா என்று நாளுக்கு இருமுறை பார்க்கும் மனிதர்களை நான் அறிவேன். நிழலில் உட்கார வைத்தாலும் சந்தையைத் தேடிப் போய்விடுவது நம் இயல்புபோலும்.

வீடியோ கேமில் நான் உண்மையில் இளைப்பாறிய இடங்கள் பயங்கரமான ஆட்டங்களுக்குள்தான் இருந்தன. 1996இன் 'ரெசிடெண்ட் ஈவில்' பிணங்கள் நடமாடும் மாளிகை. அதில் சில சிறு அறைகள் உண்டு. உள்ளே ஒரு தட்டச்சுப்பொறி, ஒரு பெட்டி, மெல்லிய ஓர் இசை. எந்தப் பேயும் அங்கே நுழையாது. கையிலுள்ள மை நாடாவைச் செலவழித்துத் தட்டச்சுப்பொறியில் அதுவரை நடந்ததைப் பதிந்துகொள்ளலாம். நாடாவோ எண்ணிக்கையில் குறைவு. இப்போது பதிவதா, இன்னும் கொஞ்சம் துணிவதா என்று யோசித்தபடி அந்த இசையைக் கேட்டுக்கொண்டு சும்மா நின்றிருக்கிறேன். 2001இல் ஃபுமிடோ உயேடாவின் 'இகோ' இதை இன்னும் கனிவாகச் செய்தது. பாழடைந்த கோட்டையிலிருந்து ஒரு சிறுவனும் சிறுமியும் தப்பிக்கிறார்கள். ஆங்காங்கே ஒரு கல் இருக்கை. இருவரும் அதில் சாய்ந்து உட்கார்ந்தால்தான் ஆட்டம் பதிவாகும். நிழலுருவங்கள் வந்து அவளை இழுத்துப்போகும் கோட்டை அது என்பதால்தான் அந்த இருக்கைக்கு அத்தனை மதிப்பு. வெறும் பூங்காவில் அதைப் போட்டிருந்தால் யார் உட்காரப் போகிறார்கள்?

இவ்வளவும் 2022 வரை என்னிடம் வெறும் ரசனை சார்ந்த அபிப்பிராயமாகவே இருந்தன. அந்த ஆண்டு அம்மாவுக்குத் தொடை எலும்பு முறிந்தது. எட்டு மாதம் படுக்கை. இரவுகளை அக்காவும் நானும் பங்கு போட்டுக்கொண்டோம். பகலில் உறங்கிவிடுவதால் அம்மாவுக்கு இரவில் உறக்கம் வராது. தண்ணீர், தலையணை, சிறுநீர்க் கலம், காரணமே இல்லாமல் ஒரு குரல். இரண்டு அழைப்புகளுக்கு இடையே இருபது நிமிடம் கிடைக்கலாம், இரண்டு நிமிடமும் கிடைக்கலாம். நாவல் எதுவும் ஓடவில்லை. விட்ட பத்தியைத் தேடுவதற்குள் அடுத்த குரல் வந்துவிடும். கையில் நிண்டெண்டோ ஸ்விட்ச் இருந்தது.

அப்போதுதான் கன்சோல்களைப் பற்றி அதுவரை நான் கொண்டிருந்த அளவுகோல்கள் எல்லாம் உதிர்ந்தன. எத்தனை பிக்ஸல், நொடிக்கு எத்தனை சட்டகம், யாருக்கு எந்த ஆட்டம் சொந்தம் என்று நண்பர்களோடு மணிக்கணக்கில் வாதிட்டவர்தான் நானும். அந்த இரவுகளில் எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பட்டன். மேல் விளிம்பில் இருக்கும் அதை அழுத்தினால் திரை அணையும். ஒரு மணி நேரம் கழித்து வந்து எழுப்பினால் ஆட்டம் அதே மூச்சில், அதே வாளை ஓங்கியபடி நிற்கும். மேசைக் கணினியில் என்னை விரட்டிய ஸ்டார்டியூ இதில் வேறொரு ஆட்டமாக மாறியது. ஒரு நாளை முடித்து உறங்கினால்தான் அது பதிவாகும். ஆகவே கணினியின் முன் "இந்த நாளை முடித்துவிடுகிறேன்" என்று எப்போதும் ஒரு பதற்றம் இருக்கும். இங்கே அந்த உழவன் வாய்க்கால் ஓரம் மண்வெட்டியோடு எத்தனை நேரம் வேண்டுமானாலும் எனக்காக நின்றான். ஆட்டம் ஒன்றே. ஆட்டக் கருவிதான் அதை இளைப்பாறலாகவோ வேலையாகவோ ஆக்கியது.

என் கையில் இருப்பது மாணவர்களின் தாள் என்றே அம்மா எண்ணியிருந்தார். குரல் கொடுத்துவிட்டு, "கைல இருக்கறத முடிச்சுட்டே வா, அவசரமில்ல" என்பார். முடிப்பதற்கு எதுவும் இல்லாமல் உடனே எழுந்து போக முடிந்தது.

இந்தக் கண்ணோடு பார்த்தால் கன்சோல் வரலாற்றின் நாயகர்கள் மாறிவிடுகிறார்கள். 16 கோடிக்கு மேல் விற்ற பிளேஸ்டேஷன் 2 எனக்கு மிகப் பிடித்தமானது, ஆனால் அது கூடத்தில் தொலைக்காட்சியைக் கைப்பற்றிக்கொண்டு உட்காரும் விருந்தாளி. என் பள்ளிப் பருவத்தில் இங்கே கிடைத்தவை ஜப்பானியக் கருவியின் நகல்கள். அவற்றின் கார்ட்ரிட்ஜை நாங்கள் 'கேசட்' என்றே சொல்வோம். எதையும் பதிந்துவைக்க வழியில்லை. மாரியோவை ஆறாம் உலகம்வரை கொண்டுபோயிருப்போம், மின்சாரம் போய்விடும். இப்போது யோசித்தால் என் நாயகர் குன்பேய் யோகோய்தான். நிண்டெண்டோவில் சீட்டு அச்சிடும் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்தவர். புல்லட் ரயிலில் ஒருவர் பொழுதுபோகாமல் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து 1980இல் 'கேம் அண்ட் வாட்ச்' என்ற கையடக்க ஆட்டத்தைச் செய்தார் என்பார்கள். வாழ்க்கையின் இடைவெளிகளுக்கென்று விளையாட்டைச் செய்ய முடியும் என்று கண்டவர் அவர். புதியதைத் துரத்தாமல், பழகித் தேய்ந்த மலிவான தொழில்நுட்பத்தைப் புதிய கோணத்தில் பயன்படுத்துவது அவர் கொள்கை. 1989இன் 'கேம் பாய்' அதன் உச்சம். வண்ணமில்லை, திரைக்குப் பின் விளக்கில்லை. ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்த வண்ணத்திரைப் போட்டியாளர் மறைந்துபோனது. நான்கு பேட்டரியில் நெடுநேரம் ஓடிய கேம் பாய், அதன் வண்ண வடிவத்தையும் சேர்த்து, 11.8 கோடிக்கு மேல் விற்றது. 1997இல் சாலை விபத்தில் யோகோய் இறந்தார். மூடியை மடித்தாலே உறங்கிவிடும் நிண்டெண்டோ டிஎஸ் வந்தது 2004இல். அதை அவர் பார்த்திருக்க வேண்டும்.

வகைமைகளையும் இப்படியே பிரிக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. சுடுவது, ஓட்டுவது, குதிப்பது என்று வினைகளை வைத்துப் பிரிப்பது வழக்கம். காத்திருக்கும் ஆட்டம், காத்திருக்காத ஆட்டம் என்பது எனக்கு இன்னும் பயனுள்ள பிரிவு. 1986இன் 'டிராகன் குவெஸ்ட்' முதலான முறைவைத்து ஆடும் ஆட்டங்களில் அரக்கன் எதிரே நின்றுகொண்டிருப்பான், நாம் முடிவெடுக்கும்வரை கைவைக்க மாட்டான். பால் பொங்குகிறதென்று ஒருத்தி எழுந்து போனால் பல்லாங்குழி அப்படியே கிடப்பதைப் போன்ற நாகரிகம் அது. ஆனால் காத்திருப்பவையெல்லாம் நம்மை விட்டுவிடும் என்றும் சொல்ல முடியாது. சிட் மையரின் 'சிவிலைசேஷன்' (1991) எவ்வளவு நேரமும் காத்திருக்கும், ஆனால் எழுந்து போக விடாது. இன்னும் ஒரு முறை, இன்னும் ஒரு நகரம் என்று விடிந்துவிடும். அம்மாவின் அறையில் அதை நான் திறந்ததே இல்லை.

எதிர்க்கோடியில் 2011இன் 'டார்க் சோல்ஸ்'. அதில் இளைப்பாறும் இடம் வழியில் எரியும் நெருப்புமேடை. அமர்ந்தால் காயம் ஆறும், அதே கணம் நாம் கொன்ற எதிரிகளில் பெரும்பாலோர் உயிர்த்து எழுவார்கள். ஓய்வுக்கு இப்படி ஒரு விலை வைத்த மூளையை வியக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் அந்த ஆட்டத்தில் இடைநிறுத்தமே கிடையாது. பட்டியலைத் திறந்தாலும் பின்னால் வாள் வந்துகொண்டிருக்கும். அதே ஹிடெடாகா மியாசாகியின் பெயரோடு 2022இல் வந்த 'எல்டன் ரிங்' இவ்வகையில் சிகரம் என்கிறார்கள். இருக்கலாம். அக்கா மகன் அதைத்தான் ஆடுகிறான். சாப்பிடக் கூப்பிட்டால், "இத பாஸ் பண்ண முடியாதும்மா" என்று உள்ளிருந்து கத்துகிறான். கரண்டியோடு நிற்கும் அக்கா என்னைப் பார்க்கிறாள். அவன் சொல்வது உண்மைதான் என்று நான் ஒவ்வொரு முறையும் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. அவள் இரண்டு பேரையும் நம்புவதில்லை.