ராயல் ஓக்கில் ஒரு பச்சை ஜிடிஓ

கராஜின் கதவு மேலேறியதுமே கார் கண்ணில் பட்டது. காருக்குச் சொந்தக்காரரான பெரியவர் எங்களை அதனிடம் கூட்டிப் போகவில்லை. சுவரோரம் நின்ற இரும்பு அலமாரியிடம் கூட்டிப் போனார். தட்டுத் தட்டாகப் பிளாஸ்டிக் பைகள். ஒவ்வொரு பையிலும் நட்டு, போல்ட், வாஷர், கிளிப். மேலே மார்க்கர் பேனாவில் கொட்டை எழுத்து: ‘இடது ஃபெண்டர், மேல் வரிசை’, ‘கிரில் தாங்கி, வலது’. பக்கத்தில் ஒரு தடித்த ஃபைல். கழற்றுவதற்கு முன் எடுத்த படங்கள் அதில் இருந்தன, எந்த போல்ட்டுக்குக் கீழே எந்த வாஷர் இருந்தது என்பது வரைக்கும். “முதலில் கேமரா, பிறகுதான் ஸ்பேனர்” என்றார்.

இடம், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்டுக்கு வடக்கே இருக்கும் ராயல் ஓக். என்னைக் கூட்டிப் போனவர் கோவைக்காரத் தம்பி ஒருவர். கார் உதிரிபாகக் கம்பெனியில் இன்ஜினியர். இரண்டு தெரு தள்ளி வீடு. சனிக்கிழமையானால் இந்த கராஜுக்கு வந்து பெரியவருக்குக் கையுதவி செய்கிறார். பெரியவர் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கார், 1968 பான்டியாக் ஜிடிஓ. வெர்டோரோ கிரீன் என்று பான்டியாக் பெயர் வைத்த, அடியில் பொன்துகள் மின்னும் பச்சை நிறம்.

இந்தக் காரை இந்த ஊரில் பார்ப்பதற்கு ஒரு பொருத்தம் உண்டு. ஊரை ஒட்டிப் போகும் உட்வர்டு சாலையிலேயே வடக்கே போனால் பான்டியாக் நகரம். கம்பெனிக்குப் பெயர் தந்த ஊர். ஜிடிஓவின் கதை 1964இல் தொடங்கியது. நடுத்தர அளவுக் கார்களில் பெரிய இன்ஜின் வைக்கக் கூடாது என்று பான்டியாக்கின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸின் தலைமை ஒரு வரம்பு போட்டிருந்தது. பான்டியாக்கின் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியனும் அவருடைய ஆட்களும் 389 கன அங்குல இன்ஜினைத் தனி மாடலாகக் காட்டாமல், டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்குக் கூடுதல் பணம் கட்டி வாங்கிக்கொள்ளும் ‘ஆப்ஷன்’ ஆக்கி வெளியே விட்டார்கள். மசில் கார் என்று பின்னால் பெயர் பெற்ற வகைக்கு வழி திறந்தது அந்தக் கார்தான் என்பது பலரின் கருத்து. அதை நாடெங்கும் பேசவைத்த விளம்பரக்காரர் ஜிம் வேங்கர்ஸ். அவர் கைகோத்து வேலை செய்த ராயல் பான்டியாக் ஷோரூம் இதே ராயல் ஓக்கில்தான் இருந்தது. அங்கே வேகத்துக்காகச் சீர்செய்த கார்கள் இரவில் உட்வர்டு சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் ஓடின.

பெரியவரின் காரில் இருப்பது 400 கன அங்குல வி-8. லிட்டர் கணக்கில் 6.6. நான்கு பழைய அம்பாசிடர் பெட்ரோல் இன்ஜின்களைக் கூட்டினாலும் இந்த அளவு வராது. 350 குதிரைசக்தி என்று கம்பெனி போட்டது. நான்கு கியர், கையால் மாற்றுவது. பானட்டின் மேல், கண்ணாடிக்கு வெளியே, இன்ஜின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டர் முளைத்து நிற்கிறது. சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் பார்க்கலாம்.

“மொதல்ல நம்பரப் பாருங்கண்ணா” என்றார் தம்பி. முன்கண்ணாடி வழியாக டேஷ்போர்டின் இடது ஓரத்தில் ஒரு சின்னத் தகடு தெரிந்தது. 242 என்று தொடங்குகிறது. 1966 முதல் 1971 வரை அந்த மூன்று எண்ணும் இருந்தால்தான் பிறவி ஜிடிஓ. 237 என்றால் அது லெமான்ஸ்; ஜிடிஓவின் கிரில்லையும் சின்னங்களையும் மாட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். பான்டியாக் வி-8 பிளாக்குகள் சின்னதும் பெரியதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான், ஆகவே இன்ஜினைப் பார்த்தும் ஏமாறலாம். 1968 முதல் கார் எண்ணின் ஒரு பகுதியைப் பிளாக்கிலும் குத்திவிட்டார்கள். பெரியவர் டார்ச் அடித்துக் காட்டினார். இரண்டு எண்ணும் ஒத்துப்போகின்றன. ஃபைலின் முதல் தாள், இந்த எண்ணுள்ள கார் தொழிற்சாலையிலிருந்து என்னென்ன ஆப்ஷனோடு வெளியேறியது என்ற பழைய பில்லின் நகல். பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற நிறுவனம் அந்தப் பதிவேடுகளைக் காத்துவைத்து, கேட்பவர்களுக்கு நகல் தருகிறது. ஒரு காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறேன் என்றால் அந்தப் பழைய நிலை எது என்று தெரிய வேண்டும் அல்லவா? அதற்கு இந்தத் தாள்தான் ஆதாரம்.

பிறகு டிக்கி. காரில் உண்மையான வேலை அங்கேதான் நடந்திருக்கிறது. பாயைத் தூக்கினார். தரைத் தகட்டின் ஒரு பாதி பழையது, மறு பாதி புதியது. நடுவே வெல்டிங் தழும்பு மெல்லிய கோடாக ஓடுகிறது. “இங்கே தண்ணீர் எப்படி வந்தது தெரியுமா?” என்று கேட்டு, விரலைப் பின்கண்ணாடியின் கீழ் விளிம்புக்குக் கொண்டுபோனார். அந்தக் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் குரோம் பட்டையைக் கிளிப்புகள் பிடித்திருக்கின்றன. கிளிப் மாட்டும் ஆணிகளைச் சுற்றிப் பெயின்ட் உரிகிறது, ஈரம் தங்குகிறது, துரு ஊசித் துளையாகத் தொடங்குகிறது. மழைநீர் அந்தத் துளை வழியே டிக்கிக்குள் இறங்கிப் பாயின் அடியில் நின்றுவிடுகிறது. மேலே பார்த்தால் எல்லாம் நன்றாக இருக்கும். இந்த வகைக் கார்களைத் தின்று தீர்ப்பது இதுதான். இதோடு பின்சக்கர வளைவுக்குப் பின்னால் தகட்டின் அடிப்பகுதி, முன்பக்கக் கால்வைக்கும் தரை, பாடியைச் சேஸிஸோடு பிடிக்கும் ரப்பர் கட்டைகளின் மேல்தகடு, இவையும் துரு பிடிக்கும் இடங்கள்.

மிச்சிகனில் துருவுக்கு இன்னொரு துணை உண்டு: உப்பு. பனிக்காலத்தில் சாலையில் பனிக்கட்டி உருகக் கொட்டுகிறார்கள். டெட்ராய்டு நகரத்துக்கு அடியிலேயே, ஆயிரம் அடிக்கும் கீழே, பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது. கார் செய்யும் ஊரின் காலடியிலேயே காரை அரிக்கும் உப்பும் விளைகிறது என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கார் அதில் பதினைந்து, இருபது குளிர்காலமாவது ஓடியிருக்கும்.

முந்தைய உரிமையாளர் யாரோ பின்பக்கத் தகட்டுத் துளைகளைப் பட்டி பூசி மூடிப் பெயின்ட் அடித்திருந்தார். பெரியவர் வாங்கும்போதே குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் சின்னக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துப் போனாராம். இரும்பு இருக்கும் இடத்தில் ஒட்டியது. பட்டி இருக்கும் இடத்தில் நழுவி விழுந்தது. விலையைக் குறைத்து வாங்கிவந்து, பட்டியை முழுக்க உரித்தெடுத்தார். துருப்பிடித்ததை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டினார். புதிய தகடு கிடைக்கிறது. இந்தக் கார்களுக்குத் தகடு அடித்து விற்கும் கம்பெனிகள் பல. ஆனால் வாங்கிய தகடு அப்படியே பொருந்துவதில்லை. மடித்து, தட்டி, வைத்துப் பார்த்து, எடுத்து, மறுபடி தட்டி. வெல்டிங்கும் ஒரே இழுப்பில் இல்லை. ஒரு புள்ளி இங்கே, அடுத்தது அந்த மூலையில், பிறகு நடுவில். சூடு ஒரே இடத்தில் சேர்ந்தால் தகடு நெளிந்துவிடும். தம்பி ஒரு மிச்சத் துண்டில் செய்து காட்டினார். ஒரு சாண் நீளத்துக்கு அரைமணி நேரம் எடுத்தது. ஒரு புள்ளி வைத்துவிட்டு அவர் சும்மா காத்திருக்கும் அந்த நேரத்தில்தான் இந்த வேலையின் முழுக் கனமும் எனக்குப் புரிந்தது.

முன்பக்கம் போனால் 1968 மாடலின் பெருமை: எண்டுரா மூக்கு. குரோம் பம்பருக்குப் பதிலாக, இரும்புச் சட்டத்தின் மேல் ரப்பர் போன்ற யூரிதேன் போர்த்தி, பாடியின் நிறத்திலேயே பெயின்ட் அடித்தது. இடித்தாலும் பழைய வடிவுக்குத் திரும்பும் என்று விளம்பரத்தில் அடித்தே காட்டினார்கள். அந்த ஆண்டு மோட்டார் டிரெண்ட் பத்திரிகை ஜிடிஓவை ஆண்டின் சிறந்த காராகத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். இன்று பழுதுபார்ப்பவர்களுக்கு மிகுந்த தொல்லை தருவதும் இதுதான். யூரிதேன் வெயிலில் இறுகி, மேலே பெயின்ட் மயிரிழையாக வெடிக்கிறது. சாதாரண பட்டி நிற்காது. வளையும் வகைதான் வேண்டும், பெயின்ட்டிலும் வளைவதற்கான மருந்து கலக்க வேண்டும். பெரியவர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, கட்டை எதுவும் வைக்காமல் உள்ளங்கையாலேயே மூக்கின் வளைவைத் தேய்த்து முடித்திருக்கிறார். தடவிப் பார்த்தேன். எங்கே யூரிதேன் முடிந்து இரும்பு ஃபெண்டர் தொடங்குகிறது என்பதை இடைவெளிக் கோடுதான் சொல்கிறது, பெயின்ட் சொல்லவில்லை.

இன்ஜின் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிர்நீல மெட்டாலிக் நிறம்; அந்தக் காலத்துப் பான்டியாக் இன்ஜின்களுக்கே உரியது. உள்ளே டைமிங் சக்கரத்தின் பற்கள் நைலானில் செய்யப்பட்டவை. அவை உதிர்ந்து ஆயில் பேனில் கிடந்தனவாம். முழு இரும்புச் சக்கரம் மாற்றியாகிவிட்டது. இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய ரப்பர் ஹோஸ்களைக் கரைப்பதால் அவற்றையும் மாற்றியிருக்கிறார். பழைய வகைக் கேம்ஷாஃப்டுக்குத் துத்தநாகம் அதிகமுள்ள ஆயில் வேண்டும். கடையில் கிடைக்கும் புதிய ஆயிலை ஊற்றினால் தேய்ந்துவிடும் என்று தனி டின் வாங்கி வைத்திருக்கிறார்.

எனக்குப் பிடித்தது கடைசிப் பகுதி, பெயின்ட். கூரையும் டிக்கி மூடியும் தொழிற்சாலையில் அடித்த பெயின்ட்டோடு அப்படியே தப்பியிருக்கின்றன. அக்ரிலிக் லேக்கர்; இன்றைய கார்களில் இருப்பதுபோல மேலே கண்ணாடிப் பூச்சு கிடையாது, நிறமே மேல்தோல். பாலிஷ் போட்டால் நிறம்தான் கழன்று வரும். எல்லாவற்றையும் உரித்து ஒரேயடியாகப் புதிதாக அடித்திருக்கலாம். அவர் செய்யவில்லை. அது சரியான முடிவு என்பது என் உறுதியான எண்ணம். புதிய பெயின்ட் எத்தனை தடவை வேண்டுமானாலும் அடிக்கலாம், தொழிற்சாலைப் பெயின்ட் ஒரே தடவைதான்.

அன்று நாங்கள் டிக்கி மூடியில் வேலை பார்த்தோம். இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பு, மற்றதில் கையுறையை அலசும் தண்ணீர், அடியில் மண் தங்கும் வலைத்தட்டு. கழுவித் துடைத்த பிறகு பெரியவர் என் கையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டித் தடவச் சொன்னார். வெறுங்கையில் வழவழப்பாக இருந்த இடம் பைக்குள்ளிருந்து தடவும்போது மணலாக உறுத்தியது. பெயின்ட்டில் புதைந்த இரும்புத் துகள், தொழிற்சாலைத் தூசு. அதற்குக் களிமண் போன்ற ஒரு கட்டி. வழுக்கும் நீரைத் தெளித்து, அழுத்தாமல் நகர்த்தினால் துகள்கள் அதில் ஒட்டிக்கொள்கின்றன. மறுபடி பையை மாட்டித் தடவினேன். உறுத்தல் இல்லை.

பிறகு விளிம்புகளுக்கு டேப். விளிம்பில்தான் பெயின்ட் மெலிந்திருக்கும், மெஷின் அங்கே ஒரு நொடி அதிகம் நின்றால் உள்ளிருக்கும் பிரைமர் தெரிந்துவிடும். தடிமன் பார்க்கும் கருவியை ஆங்காங்கே வைத்துக் குறித்துக்கொண்டார். ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சோதனை. மிக மென்மையான பாலிஷிலிருந்து தொடங்கினார், போதவில்லையென்றால்தான் அடுத்தது. ஆடிச் சுழலும் மெஷின் மெதுவாக ஓடியது. வெள்ளைப் பஞ்சு வட்டம் பச்சையாகிவிட்டது. அந்தப் பச்சை 1968இல் அடித்த பெயின்ட். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அதில் கொஞ்சம் குறைகிறது.

வட்டக் கீறல்கள் பெரும்பாலும் மறைந்தன. ஆழமான இரண்டு கோடுகள் நின்றன. இன்னும் ஒரு சுற்று ஓட்டினால் போய்விடும் என்றார் தம்பி. பெரியவர் மெஷினை அணைத்துவிட்டார். “அது இருக்கட்டும்.” பிறகு கார்னோபா மெழுகு, பிரேசில் நாட்டுப் பனை இலையிலிருந்து வருவது, மெல்லிய ஒரு பூச்சு. செராமிக் பூச்சு நீண்ட நாள் நிற்கும். ஆனால் லேக்கரின் அந்த ஈரப் பளபளப்பு மெழுகில்தான் வருகிறது என்பது அவர் கட்சி. பார்த்த பிறகு நானும் அந்தக் கட்சிதான்.

போட்டிக் கண்காட்சிகளுக்குப் போகும் கார்களில் தொழிற்சாலையில் இருந்ததைவிட நேரான இடைவெளிகளும் கண்ணாடி போன்ற சேஸிஸும் பார்க்கலாம். அவற்றின் உழைப்பை மதிக்கிறேன். எனினும் அவற்றில் பழைய தொழிலாளியின் கை தெரிவதில்லை. இந்த டிக்கி மூடியின் உட்புறத்தில் பெயின்ட் வழிந்து காய்ந்த ஒரு சொட்டு இருக்கிறது. 1968இல் யாரோ அவசரமாக அடித்தது. பெரியவர் அதைத் தொடவில்லை.

மாலையில் ஸ்டார்ட் செய்தார். முதல் முயற்சியில் இருமி நின்றது; இரண்டாவதில் பிடித்துக்கொண்டது. ஹெட்லைட் மூடிகள் வெற்றிட அழுத்தத்தில் திறப்பவை. இடது கண் திறந்தது, வலது சற்றுத் தாமதித்துத் திறந்தது. எங்கோ ஒரு ஹோஸில் காற்று கசிகிறது. ஆகஸ்டுக்குள் சரியாகிவிடும் என்றார். ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை உட்வர்டு டிரீம் குரூஸ். 1995இல் ஃபெர்ன்டேலில் ஒரு கால்பந்து மைதானத்துக்கு நிதி திரட்டத் தொடங்கிய கார் ஊர்வலம், இன்று பழைய கார்க்காரர்களின் பெரிய திருவிழா.

ஜெனரல் மோட்டார்ஸ் 2009இல் பான்டியாக்கை மூடுவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டோடு அந்தப் பெயரில் கார் வருவது நின்றது. எந்தக் கிளிப் எந்த ஆணியில் மாட்டும், எண்டுராவில் எந்தப் பட்டி நிற்கும் என்பதைக் கேட்க இனி கம்பெனி இல்லை. பெரியவரின் ஃபைலும், அதைப் பார்த்துப் பழகும் தம்பியும்தான் இருக்கிறார்கள். எந்த ஊரில் எந்தப் பழைய காரை வாங்க நினைத்தாலும், பளபளப்பைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். டிக்கியைத் திறந்து பாயைத் தூக்கிப் பாருங்கள். வாங்கிய பிறகு ஒரு நட்டைக் கழற்றுவதற்கு முன்னால் படம் எடுத்துவையுங்கள்.