பழவேற்காட்டில் ஒரு பகல்

சீன தேசத்தின் வடகிழக்கில் ஹார்பின் என்றொரு பெருநகரம் உண்டு. 1898-ஆம் ஆண்டில் ருஷியர் மஞ்சூரியாவின் ஊடாக இருப்புப் பாதை போடத் தொடங்கியபோது, சுங்காரி நதிக்கரையில் எழுந்த ஊர் அது. 1917-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் நாடிழந்த ருஷியர் பல்லாயிரவர் அங்கு வந்து அடைக்கலம் புகுந்தனர். பிற்காலத்தில் அவர்கள் நாலா திக்கிலும் சிதறிப் போயினர். ஆயினும் பச்சைக் குமிழ்க் கூரையுடைய செயின்ட் சோபியா ஆலயமும், கல் பாவிய மத்தியத் தெருவும், தலையணை போன்ற பெரிய ரொட்டியும் இன்றும் அவர்கள் பெயரைச் சொல்லி நிற்கின்றன.

அந்நகரைக் கண்டு திரும்பிய நண்பரொருவர் வேலப்பன்சாவடித் தேநீர்க் கடையொன்றில் அமர்ந்து இவற்றையெல்லாம் வருணித்துக்கொண்டிருந்தார். யாம் வாய் பிளந்து கேட்டிருந்தோம். அருகிலிருந்த மற்றொரு நண்பர், சரித்திரம் கற்பிப்பவர், "அயல் நாட்டார் சமைத்த ஊரைக் காணச் சீனம் வரையில் போவானேன்? பழவேற்காடு இங்கிருந்து இரண்டு மணி நேரப் பிரயாணந்தானே! உம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்?" என்று வினவினார். ஒருவரும் பார்த்ததில்லை. நாணத்துடன் அடுத்த சனிக்கிழமைக்கு ஒரு வேன் பேசினோம்.

விடியுமுன் புறப்பட்டு, புழல் ஏரியை வலத்தே விட்டு, செங்குன்றம், காரனோடை, தச்சூர் கூட்டு ரோடு, பொன்னேரி என்று சென்றது எம் வண்டி. வழி நெடுக நண்பர் ஒரு விஷயத்தை விளக்கி வந்தார். 1611-ஆம் ஆண்டில் 'குளோப்' என்னும் ஆங்கிலக் கப்பல் பழவேற்காட்டில் வர்த்தகம் செய்ய நாடி வந்தது. அங்கு முன்னரே காலூன்றியிருந்த ஒல்லாந்தர் இடங்கொடுக்க மறுத்துவிட்டனர். ஆங்கிலேயர் வேறிடம் தேடி அலைந்து, 1639-இல் தாமர்ல நாயக்கரிடம் மணல் மேடொன்றைப் பெற்றனர். அதுவே சென்னப் பட்டணமாயிற்று. அந்நாயக்க சகோதரருள் ஒருவராகிய ஐயப்ப நாயக்கர் இருந்தது எம் பக்கத்துப் பூவிருந்தவல்லியிலேயாம். பழவேற்காட்டு ஒல்லாந்தருக்கும் சாந்தோம் போர்த்துகேசியருக்கும் ஓயாது நடந்த சண்டையை, இடையே ஓர் ஊர் எழுந்தால் நிறுத்தலாம் என்று அவர் எண்ணினார் என்பர். ஒல்லாந்தர் அன்று கதவடைத்திராவிடில் எம் வீட்டு வாயிலில் இன்று இத்தனை லாரிகள் ஓடா என்று யாம் சிரித்துக்கொண்டோம்.

ஊரெல்லை சேர்ந்ததும் முதலிற் கண்ணிற் படுவது ஏரிதான். ஏரி என்பது பெயரேயன்றி, கடல் நீரும் ஆற்று நீரும் கலந்த பெரியதோர் காயல் அது. உவர்நீர்க் காயல்களுள் ஒரிஸாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிற் பெரியது. செந்நிறக் கால்களுடைய பூநாரைகள் தொலைவில் ஒரு வெண்கோடு இழுத்தாற்போல் நின்றன. செம்படவர், எந்த நாளில் எவர் எத்துறையில் வலையிடுவது என்பதனைப் 'பாடு' என்னும் முறையால் தம்முள் வகுத்துக்கொள்கின்றனர். இதனைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம்; எம் நோக்கம் அன்று வேறாயிருந்தது.

கோட்டையைத் தேடினோம். பேருந்து நிற்குமிடத்துக்கு அணித்தே சீமைக்கருவேல் அடர்ந்த ஒரு மேடும், அதனைச் சூழ்ந்த ஓர் அகழியின் தடமும் இருந்தன. "இதுதான் ஜெல்டிரியாக் கோட்டை," என்றார் நண்பர். எமக்குப் பெருத்த ஏமாற்றம். ஹார்பினிற்போல் கோபுரமும் வீதியும் எதிர்பார்த்துச் சென்ற எமக்குச் செங்கற் சில்லுகளும் ஆட்டு மந்தையுமே காட்சியளித்தன.

ஆயினும் அம்மேட்டின் வரலாறு சிறிதன்று. விஜயநகர மன்னர் வேங்கடரிடம் அனுமதி பெற்று ஒல்லாந்தர் இங்குப் பண்டகசாலை வைத்தனர். 1612-இல் போர்த்துகேசியர் அதனைத் தாக்கியழித்தனர். மறு ஆண்டிலேயே கோட்டை எழுந்தது. அதன் தலைவர் வெம்மர் வான் பெர்ஹெம் என்பவர் பிறந்த கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயர் அதற்கு வாய்த்தது. 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரையில் சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தர் ஆட்சிக்கெல்லாம் இவ்வூரே தலைநகர். பின்னர் ஆங்கிலேயரும் ஒல்லாந்தருமாக மாறி மாறிக் கைப்பற்றி, 1806-இல் கோட்டை இடிபட்டு, 1825-இல் ஊர் முடிவாக ஆங்கிலேயர் வசமாயிற்று.

இத்தனை தூரம் வந்து அவர்கள் இவ்வூரைப் பற்றிக்கொண்டதற்குக் காரணம் துணி. மலுக்குத் தீவினர் தம் கிராம்புக்கும் சாதிக்காய்க்கும் விரும்பி வாங்கியது சோழமண்டலத்துச் சாயத்துணி. ஆகவே துணியின்றி வாசனைச் சரக்கில்லை, பழவேற்காடின்றித் துணியில்லை. எம் தந்தையார் வீட்டில் உடுத்தும் கட்டம் போட்ட கைலியைக் கடைக்காரர் 'பாளையக்காட்டு லுங்கி' என்று எடுத்துப் போடுவார். அப்பெயர் எவ்வூரைக் குறிப்பது என்று யாம் அன்றுவரை சிந்தித்ததில்லை.

கோட்டைக்கு அருகே ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. தொல்லியல் துறையினர் அதனைச் செவ்வையாகப் பாதுகாத்து வருகின்றனர். வாயிலின் இருபுறமும் கல்லிற் செதுக்கிய எலும்புக்கூடுகள் நின்று வரவேற்கின்றன. எம்முடன் வந்த இளைய மாணவன் சற்றே பின்வாங்கினான். உள்ளே குவிமாடம் போன்றவையும் கூர்ங்கோபுரம் போன்றவையுமாக உயர்ந்த சமாதிகள். தரையிற் பதித்த கருங்கற் பலகைகளில் குலச் சின்னங்களும், ஒல்லாந்த மொழி எழுத்துக்களும், நேற்று வெட்டினாற்போல் கூர்மையாக இருந்தன. பெயர், வகித்த பதவி, இறந்த நாள் எல்லாம் உண்டு. நோயாலும் வெப்பத்தாலும் இளமையில் மடிந்தோர் பலராதல் வேண்டும். தாய்நாட்டினின்றும் இத்தனை காதம் கடந்து வந்து மாண்டாரே என்று மனம் இளகியது மெய்.

ஆபிரகாம் ரோஜேரியுஸ் என்னும் பாதிரியார் 1632 முதல் பத்தாண்டுகள் இங்கே ஊழியம் செய்தவர். பத்மநாபன் என்னும் அந்தணரிடம் கேட்டறிந்து, இந்நாட்டு மதாசாரங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். அவர் காலமான பின் 1651-இல் அது லெய்டன் நகரில் அச்சேறியது. பர்த்ருஹரியின் நீதிமொழிகளை ஐரோப்பிய மொழியொன்றில் முதன்முதல் தந்தது அந்நூலே. பத்மநாபன் என்ற பெயரை உலகம் அறிவது அப்பாதிரியார் எழுதி வைத்ததனால். நம் போன்ற மிஷன் கல்லூரி மாணவர்க்கு அவர் ஒருவகையில் மூத்த ஆசிரியர் என்று யாம் பெருமையோடு சொன்னோம்.

சரித்திர நண்பர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, "துணி மட்டுமா கப்பலேறிற்று?" என்றார்.

1619-இல் ஒல்லாந்தர் ஜாவாவில் பட்டாவியா நகரை நிறுவினர். கட்டவும் சுமக்கவும் அங்கு ஆள் வேண்டியிருந்தது. அதே காலத்தில் சோழமண்டலக் கரையில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. பெற்றோர் மக்களை விற்றனர். சிலர் தம்மையே விற்றுக்கொண்டனர். 1622, 1623 ஆகிய ஆண்டுகளில் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து 1,900 பேர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். கையிற் பணமிருந்திருப்பின் இன்னும் 2,000 பேர் வாங்கியிருக்கலாமே என்று அக்கம்பெனி உத்தியோகஸ்தர் எழுதி வைத்திருக்கின்றனர். அதன் பின்னும் பஞ்சம் வந்த போதெல்லாம் அவ்வியாபாரம் தலையெடுத்தது.

"அவர்களுக்குக் கல் எங்கே ஐயா?" என்று கேட்டான் மாணவன்.

யாம் மறுமொழி சொல்லவில்லை. எம் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. எம் கொள்ளுப்பாட்டனார் இரங்கூனுக்குக் கூலியாகக் கப்பலேறினவர். 1942-இல் ஜப்பானியர் பர்மாவிற் புகுந்தபோது நடந்தே திரும்பப் புறப்பட்டார் என்று மட்டும் ஒருவர் வந்து சொன்னாராம். அவர் போன நாள் தெரியாது. விழுந்த இடம் தெரியாது. கொள்ளுப்பாட்டியார் பல ஆண்டுகள் தாலியைக் கழற்றாதிருந்து, உறவினர் வற்புறுத்தியபின் ஒரு தை அமாவாசையன்று கழற்றினாராம். எம் வீட்டில் அந்நாளையே அவர் திதியாக வைத்துக்கொண்டோம். நாள் தெரியாதவர்க்கு வேறென்ன செய்வது? கருங்கற் பலகையில் ஒரு வர்த்தகருடைய மாதமும் தேதியும் விரலுக்குத் தட்டுப்படுவதை நின்று தடவிப் பார்த்தபோது, எமக்கு உண்மையில் பொறாமையே உண்டாயிற்று. சமாதியிற் கிடப்பவர்மேல் பொறாமை கொள்வது அற்பத்தனந்தான். உண்டாயிற்று என்பதனை மறைக்க விரும்பவில்லை.

ரோஜேரியுஸ் பாதிரியாரைப் பற்றிச் சற்று முன்பு பேசிய பெருமை எம் நாவிற் சிக்கிக்கொண்டது. கற்றவரும் நல்லவருமான அவர் வாழ்ந்த கோட்டையே ஆட்களை வாங்கிய கோட்டையும். இரண்டையும் ஒரே மேட்டின்மேல் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. மாணவன் பலகைகளைப் படமெடுப்பதை விட்டுவிட்டு, மதிலோரம் போய் நின்றான்.

நண்பகலில் சோறும் இறால் குழம்பும் உண்டோம். குழம்பு மிக நன்றாயிருந்தது; அதனையும் எழுதாமல் விடுவது நன்றியாகாது. பின்பு முஸ்லிம்கள் வாழும் தெருவுக்குப் போனோம். அங்குப் பெண்கள் சாயமேற்றிய பனையோலையால் பெட்டிகளும் கூடைகளும் முடைகின்றனர். மூதாட்டி ஒருவர் திண்ணையில் அமர்ந்து விரல் ஓயாமல் முடைந்துகொண்டே எம்மை விசாரித்தார்.

"கல்லறை பார்க்க வந்தீர்களா, தம்பி?"

"ஆம், அம்மா."

"வெள்ளைக்காரர் வருவார்கள். தங்கள் முன்னோர் பெயர் இருக்கிறதா என்று ஒவ்வொரு கல்லாகப் பார்ப்பார்கள். உங்கள் ஆட்கள் யாராவது அங்கே உண்டா?"

"இல்லை அம்மா. எங்கள் ஆட்கள் கப்பலிற் போனவர்கள்."

அவர் தலையை நிமிர்த்தி எம்மைப் பார்த்தார். "என் தாய்மாமனும் அப்படித்தான். பினாங்கு போனார்," என்று சொல்லி, ஓலையை நீரில் நனைத்துக்கொண்டு மீண்டும் முடையலானார்.

சிவப்பும் பச்சையுமான பெட்டியொன்றை வாங்கினோம். திரும்பும் வழியில் காரனோடைப் பாலத்தருகே இருட்டிவிட்டது. வண்டியில் யாரும் ஹார்பினைப் பற்றிப் பேசவில்லை. வேலப்பன்சாவடியில் இறங்கியபோது மாணவன், பட்டாவியா என்பது இன்றைய ஜகார்த்தாதானே என்று கேட்டான். ஆமென்றோம்.