ஐந்து நிமிஷ உபசாரம்

வருஷத்துக்கு இரண்டு தரம் நான் ஊருக்குப் போகிறேன். பொங்கலுக்குப் போவது அம்மாவுக்காக. ஆயுத பூஜைக்குப் போவது டிராக்டருக்காக. இந்தப் பாகுபாட்டை அம்மாவிடம் மட்டும் யாரும் சொல்லிவிட வேண்டாம்.

மன்னார்குடிக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டுக் கொல்லையில், முன்பு மாட்டுக் கொட்டிலாக இருந்த இடத்தில் அது நிற்கிறது. சிவப்பு மாஸி பெர்குஸன். மூன்று ஸிலிண்டர் டீசல் எஞ்சின். டாஃபே கம்பெனி சென்னையில் 1960-ல் ஆரம்பமாயிற்று. அதற்குப் பத்து வருஷம் கழித்துத் தாத்தா இதை வாங்கினார். இரண்டு ஜோடி உழவு மாடுகளை விற்று வாங்கியதால் பாட்டி ஒரு வாரம் அவரோடு பேசவில்லையாம். "இதனுடைய அண்ணன் தென் துருவத்துக்கே போயிருக்கிறான், தெரியுமா?" என்று தாத்தா சமாதானம் சொல்லிப் பார்த்தார். அது பொய்யில்லை. எவரெஸ்டில் ஏறிய ஹில்லாரி, சக்கரங்களுக்குச் சங்கிலிப் பட்டை மாட்டிய பெர்குஸன் டிராக்டர்களில்தான் 1958 ஜனவரி 4-ஆம் தேதி தென் துருவம் போய்ச் சேர்ந்தார். "அங்கே மாடு கிடைச்சிருக்காது" என்றாளாம் பாட்டி.

நிலமெல்லாம் இப்போது குத்தகையில் இருக்கிறது. குத்தகைக்காரர் வாடகை டிராக்டர் வைத்து உழுதுகொள்கிறார். எங்களுடையதற்கு வேலை, ஆயுத பூஜையன்று சந்தனம் குங்குமம் வைத்துக்கொள்வதுதான். நான் ஏறி உட்கார்ந்து கிளப்புவேன். குப்பென்று கரும்புகை வரும். குழந்தைகள் கை தட்டும். ஐந்து நிமிஷம் உறும விட்டு, மனம் நிறைந்து, அணைத்துவிட்டுச் சாயங்கால ரயிலைப் பிடிப்பேன். பாரம்பரியத்தைக் காப்பாற்றுகிறோம் என்ற கர்வம் வேறு.

மூன்று வருஷத்துக்கு முன் கர்வபங்கம் நேர்ந்தது. எஞ்சின் ஓடுகிறது, கிளட்சை மிதித்துக் கியர் போட்டால் கறகறவென்று பல்லைக் கடிக்கிறதே தவிர விழவில்லை. தாத்தா காலத்திலிருந்து இந்த வண்டியை அறிந்த மெக்கானிக் பாய்க்கு ஆள் அனுப்பினேன். எழுபது வயசுக்கு மேல் ஆகிவிட்டது அவருக்கு. வண்டியைத் தொடவே இல்லை. சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு என்ன வேலை குடுத்தீங்க, தம்பி?" என்றார்.

"ஒரு வேலையும் இல்லை, பாய். வருஷம் தவறாமல் ஐந்து நிமிஷம் ஓட்டி வைக்கிறேன்."

"அதுதான் கெடுத்திருக்கு."

எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து உள்பக்கத்தைக் காட்டினார். மோர் நுரை மாதிரி வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது என்ற சங்கதி உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, எனக்குத் தெரியாது. எஞ்சின் நன்றாகச் சூடாகிவிட்டால் அது ஆவியாகிப் புகையோடு போய்விடும். சூடு ஏறுவதற்குள் அணைத்துவிட்டால் உள்ளேயே தங்கி, எண்ணெயோடு கலந்து, பேரிங்கை அரிக்கும். சும்மா நிறுத்தியிருந்தால்கூட இவ்வளவு கெட்டிருக்காது என்றார் பாய். ஒவ்வொரு வருஷமும் குங்குமம் வைத்துவிட்டு நான் அதற்குக் கொஞ்சம் விஷம் ஊற்றிவிட்டு வந்திருக்கிறேன்.

அன்று ராத்திரி கோயம்புத்தூரிலிருந்து அண்ணன் போனில், "காயலான் கடைக்காரன் கேட்கிறபோதே கொடுத்துவிடு" என்றார். நியாயமான யோசனைதான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கிளட்ச் தட்டு துருப்பிடித்து ஃப்ளைவீலோடு ஒட்டியிருந்தது. மறுநாள் பாய் ஒரு வாடகை டிராக்டரைக் கூப்பிட்டார். புதிது, எங்களுடையதைப் போல் ஒன்றரை மடங்கு இருக்கும். அதில் கயிறு கட்டிக் களத்தில் இழுக்கச் சொல்லி, இவர் கியரைப் போட்டு, கிளட்சை அமுக்கியபடியே பிரேக்கைத் தட்டித் தட்டி மிதித்தார். தென் துருவத்து வம்சம் கயிற்றில் இழுபட்டுக்கொண்டு போவதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. மூன்றாவது சுற்றில் 'டக்'கென்று ஒரு சப்தம். விட்டுவிட்டது.

பிறகு பாய் சொன்னவை ஏராளம். கிளட்ச் பெடலை அமுக்கி ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து வைத்தால் தட்டு ஒட்டாது. டாங்கியை நிரப்பி வைக்க வேண்டும். பாதி காலியாக இருந்தால் ராக் குளிரில் உள்ளே வேர்த்து டீசலில் தண்ணீர் இறங்கும். பாட்டரி வயரைக் கழற்றிவிட வேண்டும். புகைக்குழாய்க்கு மேல் ஒரு காலி டப்பா. எலிக்கு என்ன செய்வது என்று கேட்டேன். "பூனை" என்றார். ஓடுகிற வண்டிக்கு மணிக்கணக்குப் பார்த்து எண்ணெய் மாற்றுவார்கள். ஓடாத வண்டிக்குக் காலண்டரைப் பார்த்து மாற்ற வேண்டுமாம். எல்லாவற்றையும்விட முக்கியம், கிளப்பினால் ஒரு மணி நேரமாவது பாரம் இழுக்க வேண்டும். முடியாதென்றால் கிளப்பவே வேண்டாம்.

இப்போதெல்லாம் ஆயுத பூஜைக்கு நான் சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் வாங்குவதில்லை. குத்தகைக்காரரின் எரு வண்டியைப் பின்னால் மாட்டிக்கொண்டு வாய்க்கால் கரையோடு போய் வருகிறேன். அவர் வேண்டாமென்று சொல்லிப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார்.

போன தடவை கொல்லைப் பக்கம் திரும்பியபோது அம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். சப்தத்தில் அவள் கேட்டது காதில் விழவில்லை. வேகத்தைக் குறைத்தேன்.

"அணைக்கப் போறியான்னு கேட்டேன்."

"இன்னும் முக்கால் மணி ஆகும்."

"அப்போ சாப்பாட்டுக்கு இருப்பே" என்று சொல்லிவிட்டு, உலை வைக்க உள்ளே போனாள்.