பெடல் இறங்குகிறது

எங்கள் குழுவிடம் இருப்பது 1999ஆம் ஆண்டு மாருதி 800. வெள்ளை நிறம் என்று ஆர்.சி. புத்தகம் சொல்கிறது. பின் கண்ணாடியில் அண்ணல் படம். வன்கொடுமை நடந்த ஊர்களுக்குப் போய் வருவதும், சாட்சிகளைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு அழைத்துப்போய்த் திரும்ப வீட்டில் விடுவதும்தான் அதன் வேலை. சாட்சிக்குப் பயணச் செலவு தர வேண்டும் என்று 1995ஆம் ஆண்டு விதிகளில் 11ஆவது விதி இருக்கிறது, பின்னால் வந்த திருத்தத்தில் 15ஏ பிரிவும் இருக்கிறது. பணம் என்றைக்காவது வரும். நாளைக் காலை பத்தரை மணிக்குக் கோர்ட்டில் நிற்க வேண்டிய அத்தைக்கு அது உதவாது. பஸ் ஏற வேண்டுமென்றால் அவர் ஊர்த்தெரு நிறுத்தத்தில்தான் போய் நிற்க வேண்டும். யாருக்கு எதிராகச் சாட்சி சொல்லப் போகிறாரோ அவர்கள் வீட்டு ஆட்களும் அதே பஸ்ஸில்தான் ஏறுவார்கள்.

இந்த வண்டி போன மாதம் பிரேக் மிதித்தால் வலது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. குனிந்து பார்த்தால் பின் இடது சக்கரத்தின் உள்பக்கம் ஈரம். வீல் சிலிண்டர் கசிந்து பிரேக் ஆயில் ஷூவில் இறங்கியிருக்கிறது என்று எங்களுக்கே புரிந்தது.

டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டோம். உரிமையாளர் வண்டியைச் சுற்றி வந்தார், பின் கண்ணாடி பக்கம் கொஞ்சம் நின்றார். "எந்த ஊரு?" என்றார். சொன்னோம். "ஊருல எந்தப் பக்கம்?" என்றார். அதையும் சொன்னோம். நாலு நாள் வண்டி வெயிலில் நின்றது. எங்களுக்குப் பின்னால் வந்த வண்டிகள் வேலை முடிந்து போயின. ஐந்தாம் நாள், "பழைய மாடல், சாமான் கிடைக்கல, எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார். சாமான் எதிர்க் கடையிலேயே இருந்தது. அவர் சொன்னதில் எந்தச் சட்டப் பிரிவிலும் எழுதக்கூடிய ஒரு சொல் கிடையாது. பிறருக்கு மனு எழுதிக்கொடுத்தே பழகிய எங்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

நம்ம வண்டியை நாமே பார்த்துக்கொள்வோம் என்று முடிவெடுத்தோம். சொல்லும்போது மிடுக்காகத்தான் இருந்தது.

ஒரு சனிக்கிழமை, காலனியில் வேப்பமரத்தடியில் ஜாக்கி போட்டோம். முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்பக்கம் மரக்கட்டை அடுக்கி நிறுத்திவிட்டு டிரம்மைக் கழற்றினோம். உள்ளே இருந்த கறுப்புத் தூளை எங்களில் ஒருவர் வாயால் ஊதிவிட்டார். அதைச் செய்யவே கூடாது. பழைய லைனர்களில் கல்நார் கலந்திருந்தது, அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். ஒர்க்‌ஷாப்களில் டிரம் ஊதும் வேலை எந்தப் பையன்களுக்குக் கொடுக்கப்படுகிறது என்பதை எங்கள் பகுதியில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். அதே டவுனில் எங்கள் தெருப் பையன் ஒருவன் ஆறு வருடமாகப் பாகம் கழுவுகிறான், பஞ்சர் ஒட்டுகிறான். பிரேக் வேலைக்கு இன்னும் அவன் கையில் ஸ்பானர் வரவில்லை.

இரண்டு பக்கமும் புது வீல் சிலிண்டர், புது ஷூ மாட்டினோம். பிறகு ஏர் எடுத்தோம். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் ஆரம்பிக்க வேண்டும், எங்கள் வண்டிக்கு அது பின் இடது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, ஒருவர் நிப்பிளைத் தளர்த்த, டியூப் வழியே குமிழி குமிழியாக ஆயில் பாட்டிலுக்குள் வந்தது. "மிதி", "விடாதே", "விடு" என்று தெருவே வேடிக்கை பார்த்தது. உள்ளே இருந்தவர் முழு பலத்தோடு தரை வரைக்கும் மிதித்தார். அதுதான் சரி என்று நினைத்தோம்.

குமிழி நின்ற பிறகும் பெடல் தாழ்வாகவே இருந்தது. இரண்டு மூன்று முறை பம்ப் செய்தால் மேலே வந்தது. ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம் என்று யோசித்து அதைச் சரிசெய்தோம், கொஞ்சம் தேறியது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஏர் எடுத்தோம். அன்று சாயங்காலம்தான் அதைக் கவனித்தோம். பெடலை மிதித்து அப்படியே பிடித்தால் முதலில் கெட்டியாக நிற்கிறது. பிறகு மெல்ல மெல்ல, ஆள் தூங்கி விழுவதுபோல, தரைக்கு இறங்குகிறது. நாலு சக்கரத்தடியிலும் செய்தித்தாள் விரித்து இரவு முழுக்க விட்டுப் பார்த்தோம். ஒரு பொட்டு ஈரம் இல்லை. டேங்கில் ஆயில் அளவும் குறையவில்லை.

செவ்வாய்க்கிழமை அத்தையின் சாட்சி. திங்கட்கிழமை காலையில் எங்களுக்குள் வாக்குவாதம். மெதுவாக ஓட்டலாம், ஹேண்ட் பிரேக் இருக்கிறது, பம்ப் செய்தால் பிடிக்கத்தானே செய்கிறது என்று ஒரு பக்கம். அப்போதுதான் சாலிஸ்கான் நினைவுக்கு வந்தது.

அண்ணல் தன் அனுபவக் குறிப்பில் எழுதிய சம்பவம். 1929இல், தீண்டப்படாதோர் குறைகளை விசாரிக்க பம்பாய் அரசு அமைத்த குழுவில் அவர் உறுப்பினர். சாலிஸ்கான் ரயில் நிலையத்தில் மகர் மக்கள் வரவேற்றார்கள். அவரை ஏற்றிப் போக எந்த டோங்காக்காரரும் வரவில்லை. விருந்தினரை நடத்திக் கூட்டிப் போவது மரியாதையாகாது என்று, வண்டியை மட்டும் வாடகைக்கு வாங்கி அவர்களில் ஒருவரே ஓட்டினார். ஓட்டிப் பழக்கமில்லாதவர். ஆற்றுப் பாலத்தின் பக்கக் கல்லில் சக்கரம் மோத, குதிரையும் வண்டியும் கீழே விழுந்தன. அண்ணல் தூக்கியெறியப்பட்டார், கால் முறிந்தது. படித்த பாரிஸ்டரைவிடத் தன்னை மேலானவராக நினைக்க ஒரு டோங்காக்காரருக்கு சாதி இடம் கொடுக்கிறது என்பதற்கு இதை நாங்கள் எத்தனையோ கூட்டங்களில் சொல்லியிருக்கிறோம். அன்று காலையில் வேறொன்று உறைத்தது. தன் கௌரவத்தைக் காக்கப்போய்ப் பாதுகாப்பை அவர்கள் மறந்தார்கள் என்பதையும் அண்ணல் எழுதியிருக்கிறார். அந்த வரியை நாங்கள் ஒரு கூட்டத்திலும் சொன்னதில்லை.

அத்தையை ஆட்டோ பேசி அழைத்துப் போவது என்று முடிவானது. பக்கத்து ஊர்க் காலனிப் பையனின் ஆட்டோ. போக வர ஒன்றரை மணி நேரம், கையிருப்பு காலி.

திங்கட்கிழமை சாயங்காலம் மேலத்தெருப் பெரியப்பாவைத் தேடிப் போனோம். அவர் அரசுப் போக்குவரத்துக் கழக டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இடஒதுக்கீட்டில் உள்ளே போனவர். இடஒதுக்கீடு பற்றி எவ்வளவோ பேசும் நாங்கள், அவர் கையில் இருக்கும் தொழிலை நினைத்து அவரை முதல் நாளே கூப்பிட்டிருக்கலாம். தோன்றவில்லை. எழுதவே கூச்சமாக இருக்கிறது.

வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் பெடலை மிதித்துப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம்.

"ஏர் எடுக்கும்போது தரை மட்டும் மிதிச்சீங்களா?"

"ஆமா பெரியப்பா."

"அதான். கசியுது."

"எங்கயும் ஈரம் இல்லையே?"

"வெளிய கசிஞ்சாதான ஈரம். உள்ளாறவே தாண்டிப் போவுது."

பிறகு விளக்கினார். வண்டி ஓட்டும்போது யாரும் பெடலைத் தரை வரை மிதிப்பதில்லை, பாதிதான். இருபது வருடத்துக்கு மேலாக மாஸ்டர் சிலிண்டருக்குள் வாஷர் அந்தப் பாதித் தூரத்திலேயே போய் வந்திருக்கிறது. அது தொடாத மீதி இடத்தில் துருவும் அழுக்கும் படிந்து சொரசொரப்பாகியிருக்கும், பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் பொருள் என்பதால். நாங்கள் தரை வரை மிதித்தபோது வாஷர் அந்தத் துருவின் மேல் உரசிக் கிழிந்திருக்கிறது. மிதித்துப் பிடித்தால் ஆயில் அந்தக் கிழிசல் வழியே பின்னால் நழுவி டேங்குக்கே திரும்புகிறது. அதனால்தான் அளவு குறையவில்லை. ஒர்க்‌ஷாப்பில் விட்டபோது இல்லாத பழுது இது, நாங்களே உண்டாக்கியது.

"கிட்டு போட்டா சரியாயிடுமா பெரியப்பா?"

"போட்டா அந்தப் புது வாஷரும் கிழியும். சிலிண்டரையே மாத்து."

சிலிண்டர் வர ஒரு வாரம் ஆனது. இந்த முறை பெரியப்பா ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து, அதற்குக் கீழே போக விடாமல் ஏர் எடுக்கச் சொன்னார். ஒர்க்‌ஷாப்பில் பாகம் கழுவும் பையனும் ஞாயிறு விடுமுறையில் வந்திருந்தான். நிப்பிள் ஸ்பானரை வாங்கி அவன் கையில் கொடுத்தார் பெரியப்பா. முடிந்ததும் இரண்டு நிமிடம் பெடலை மிதித்தே பிடித்தார், கல்லாக நின்றது. ஆளில்லாத ஏரிக்கரைச் சாலையில் நடை வேகத்தில் ஆரம்பித்துப் பத்துப் பதினைந்து முறை நிறுத்திப் பார்த்த பிறகுதான் சாவியை எங்களிடம் தந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை, வழக்கு தள்ளிப்போயிருந்தது. அடுத்த வாய்தாவுக்கு அத்தை முன் சீட்டில் உட்கார்ந்து வந்தார். காலடியில் ஏதோ தட்டுப்பட, எடுத்துப் பார்த்தார். பெரியப்பாவின் மரக்கட்டை.

"இது இன்னாத்துக்கு?" என்றார். போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனோம்.