லாங்டாங்கில் இரண்டு இரவு

நேபாளத்தின் லாங்டாங் பள்ளத்தாக்குக்கு இரண்டாம் முறை போவதற்காக ஒரு கூகுள் ஷீட் போட்டு வைத்திருக்கிறேன். நாள், ஊர், உயரம், நடை நேரம், செலவு என்று வரிசையாகக் கட்டங்கள். 2013 நவம்பரில் முதல் முறை போனபோது இதெல்லாம் கிடையாது. நானும் நண்பனும் காட்மாண்டுவில் பஸ் ஏறினோம், ஒரு பகல் முழுக்கக் குலுங்கி ஸ்யாப்ருபேசியில் இறங்கினோம், மறுநாள் காலை ஆற்றையொட்டி மேலே நடக்க ஆரம்பித்தோம். அவ்வளவுதான் பிளான்.

இப்போது அப்படிக் கிளம்ப முடியாது. வெளிநாட்டவர் வழிகாட்டி இல்லாமல் மலைப்பாதைகளில் நடக்கக் கூடாது என்று 2023 ஏப்ரல் 1 முதல் நேபாளத்தில் விதி இருக்கிறது. இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்றாலும் தேசியப் பூங்காவுக்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். இவற்றையெல்லாம் விடக் கறாரான விதி என் வலது முழங்கால் போட்டது. இருபத்து நாலு வயதில் இறக்கத்தில் ஓடியே வந்தேன். இப்போது அலுவலகப் படிக்கட்டில் இறங்கும்போதே அது தன் கருத்தைச் சொல்கிறது.

முதல் இரண்டு நாள்களைச் சுலபமாக நிரப்பிவிட்டேன். முதல் நாள் பஸ். இரண்டாம் நாள் மூங்கில் காட்டு வழியே லாமா ஹோட்டல் என்ற இடம் வரை, சுமார் 2,400 மீட்டர். மூன்றாம் நாள் லாங்டாங் கிராமம், சுமார் 3,400 மீட்டர். அந்த மூன்றாம் நாளில்தான் மாட்டிக்கொண்டேன்.

2013இல் நடந்த வழியை என் போன் ஒரு ஜிபிஎக்ஸ் ஃபைலாகப் பதிவு செய்திருந்தது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் அது பத்திரமாக இருந்தது. நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்று அதை கூகுள் எர்த்தில் ஏற்றினேன். அதில் பழைய செயற்கைக்கோள் படங்களுக்குப் பின்னோக்கிப் போகும் வசதி உண்டு. நிலநடுக்கத்துக்கு முந்தைய படத்தில் என் சிவப்புக் கோடு கல் சுவர்களுக்கும் கூரைகளுக்கும் நடுவே வளைந்து போகிறது. பிந்தைய படத்தில் அதே கோடு ஒரு சாம்பல் நிறப் பரப்பின் மேல் போகிறது. சுவர் இல்லை, கூரை இல்லை, வளைய வேண்டிய காரணமே இல்லை. ஆனாலும் கோடு மட்டும் வளைந்துகொண்டிருக்கிறது.

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை, நேபாள நேரப்படி முற்பகல் 11:56. 7.8 ரிக்டர் என்று செய்திகளில் படித்த அதே நிலநடுக்கம். நேபாளம் முழுக்க ஏறக்குறைய ஒன்பதாயிரம் பேர் இறந்தார்கள். லாங்டாங்கில் நடந்தது வேறு மாதிரி. அந்தக் குளிர்காலத்தில் வழக்கத்தைவிட அதிகமாகப் பனி பெய்திருந்தது. ஊருக்கு மேலே, 7,200 மீட்டருக்கும் உயரமான லாங்டாங் லிருங்கின் பக்கமிருந்து பனியும் பாறையும் உடைந்து, செங்குத்தான விளிம்பைத் தாண்டி நேராக ஊர் மேல் விழுந்தன. அது கிளப்பிய காற்று எதிர்ச் சரிவில் இருந்த மரங்களையும் படுக்க வைத்துவிட்டது. ஊர்க்காரர்கள், மலையேற வந்தவர்கள், வழிகாட்டிகள், ராணுவ வீரர்கள் என்று முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஊரில் நின்றது ஒரே ஒரு வீடு. பாறைச் சுவரின் மடிப்புக்குள் ஒண்டியிருந்ததால் தப்பித்த வீடு.

நாங்கள் தங்கியது அந்த வீட்டில் இல்லை.

பெயர்ப்பலகை எதுவும் இல்லாத வீடு அது. மாடியில் நாலு கட்டில், கீழே அடுப்பைச் சுற்றி பெஞ்சுகள். அந்த வீட்டு அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கலாம். எங்கள் ஈர சாக்ஸை வாங்கி அடுப்புக்கு மேலே கம்பியில் போட்டார். நண்பனுக்குத் தலைவலி என்றதும் பூண்டு சூப் வைத்துக் கொடுத்தார். "பிஸ்தாரை, பிஸ்தாரை" என்றார், மெதுவா நடங்க என்று. ஏழு வயதுப் பையன் ஒருவன் என் போனில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, அது வடக்கை விட்டுக்கொடுக்கவே இல்லை என்று அறையைச் சுற்றிச் சுற்றிச் சோதித்துக்கொண்டிருந்தான். திரும்பி வரும் வழியில் டீக்கு நிறுத்தினோம். காசு வாங்கவில்லை.

அவரை நாங்கள் "தீதி" என்று கூப்பிட்டோம். தீதி என்றால் அக்கா. நேபாளப் பாதைகளில் விடுதி நடத்தும் எல்லாப் பெண்களும் தீதிதான். நம்மூரில் இட்லிக் கடை அக்காவைப் போல. பெயர் கேட்பதைவிட அப்படிக் கூப்பிடுவதுதான் அங்கே மரியாதை.

லாங்டாங்கில் ஒரு நினைவிடம் இருக்கிறது. இறந்தவர்களின் பெயர்களை அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். அதன் படங்களை இணையத்தில் எத்தனையோ முறை பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். எழுத்துகள் தெளிவாகத்தான் தெரிகின்றன. ஆனால் அந்தப் பட்டியலில் தீதி என்று யாரும் இல்லை. என் வேலையில் ஒரு பெயரைக் கொடுத்தால் லட்சம் வரிகளில் அது இருக்கிறதா இல்லையா என்று நொடியில் சொல்லிவிடலாம். தேடச் சொல் இல்லாத தேடல் இது.

கூட வந்த நண்பனிடம் மறுபடி போகலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"டேய், அன்னபூர்ணா போலாம்டா. புது இடம். அங்க போய் என்ன பண்ணப் போற?"

"பாத்துட்டு வரலாம்னுதான்."

"அந்தக்கா இருந்தா சரி. இல்லன்னா? அவ்ளோ தூரம் நடந்து போய் அதைத் தெரிஞ்சுக்கணுமா? எனக்கு அவங்க இன்னும் அந்த அடுப்பு பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க. அப்படியே இருக்கட்டும்டா."

அன்பில்லாமல் சொன்ன வார்த்தை இல்லை அது. பத்து வருஷமாக நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் வைத்திருந்தேன். ஆனால் திட்டத்துக்காக அந்த ஊரைப் பற்றிப் படிக்கப் படிக்க, அதில் ஏதோ இடித்தது. பிழைத்தவர்களை ஹெலிகாப்டரில் காட்மாண்டுவுக்குக் கொண்டுபோனார்கள். சுயம்புநாத் அருகே ஒரு மடத்தின் வளாகத்தில் மாதக்கணக்கில் கூடாரங்களில் இருந்தார்கள். பிறகு திரும்பிப் போனார்கள். புதைந்த ஊரிலிருந்து கொஞ்சம் தள்ளி, பள்ளத்தாக்கின் மேல்பக்கமாக, கல்லும் தகரமும் சுமந்து புது லாங்டாங்கைக் கட்டினார்கள். இப்போது மறுபடி விடுதிகள், மறுபடி மெனு கார்டு, மறுபடி சூப். வருகிறவர்கள் பழைய ஊரின் கற்குவியல் மேல் நடந்துதான் புது ஊருக்குப் போக வேண்டும்.

நண்பனின் மனசிலும் என் மனசிலும் இருக்கும் தீதிக்கு எப்போதும் நாற்பது வயது. எப்போதும் எங்களுக்காகச் சூப் கிளறுகிறார். அவர் இறந்திருந்தால், அந்தச் சாவிலிருந்து எங்களைக் காப்பாற்றிக்கொள்ள இந்தப் படம் போதும். அவர் உயிரோடு இருந்தால்? கூடாரத்தில் கிடந்தது, திரும்பி நடந்தது, புதுச் சுவர் எழுப்பியது என்று அவர் வாழ்ந்த அத்தனை வருஷத்தையும் இந்தப் படம் அழித்துவிடுகிறது. தெரியாமல் இருப்பதில் எங்களுக்கு நிம்மதி. அவருக்கு அதில் ஒன்றுமில்லை.

சோகத்தைச் சுற்றிப் பார்க்கப் போகிறோமோ என்ற கேள்வியும் இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் விடுதிகளை மறுபடி கட்டியதே ஆட்கள் வந்து தங்க வேண்டும் என்றுதான். தங்கி, சாப்பிட்டு, காசு கொடுப்பதில் அசிங்கம் எதுவும் இல்லை. என் தயக்கம் வேறு. ஒருவேளை வீட்டில் ஆள் இல்லாமல் போயிருந்தால், அந்தக் குடும்பத்தின் முன்னால் போனில் போட்டோவை நீட்டிக்கொண்டு ஒருவன் நிற்பது எப்படி இருக்கும்?

ஏற்பாடு செய்துகொண்டிருக்கும் வழிகாட்டி அந்தப் பக்கத்து ஆள். இந்தியில்தான் பேசிக்கொள்கிறோம். திட்டத்தைப் பார்த்துவிட்டு, "லாங்டாங்கில் எதுக்கு ரெண்டு ராத்திரி? எல்லாரும் மறுநாளே மேலே க்யான்ஜின் கோம்பாவுக்குப் போயிடுவாங்களே" என்று கேட்டார். உயரத்துக்கு உடம்பு பழகட்டும் என்றேன். அது பொய்யில்லை. 3,000 மீட்டருக்கு மேல் ஓர் இரவிலிருந்து அடுத்த இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் ஏறாமல் இருப்பதும், நடுவில் ஓய்வு நாள் விடுவதும் பாதுகாப்பு. லாமா ஹோட்டலிலிருந்து லாங்டாங்குக்கு ஒரே நாளில் ஏறுவதே கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர். முழங்காலும் நன்றி சொல்லும். பிறகு மிச்சக் காரணத்தையும் சொன்னேன்.

"பேர் தெரியாதா?"

"தெரியாது. போட்டோ இருக்கு. அவங்களோடது, பையனோடது, வீட்டோடது."

"வீட்டோடது இருக்கா? அப்போ பேர் வேண்டாம். ஜன்னலைப் பாத்தே யார் வீடுன்னு சொல்லிடுவாங்க. போன்ல காட்டாதீங்க, பிரிண்ட் போட்டு எடுத்துட்டு வாங்க. யாருக்காவது குடுத்துட்டு வரலாம். வீட்டோட எல்லாப் போட்டோவும் போயிருக்கும் இல்லையா?"

அதை நான் யோசித்ததே இல்லை. பதினோரு போட்டோக்கள் தேறின. ஒவ்வொன்றும் இரண்டு பிரதி என்று கடையில் கொடுத்திருக்கிறேன். அந்தப் பையன் இருந்தால் இப்போது இருபதைத் தொட்டிருப்பான். மூன்றாம் நாள் கட்டத்தில் "லாங்டாங்", நான்காம் நாள் கட்டத்தில் மறுபடி "லாங்டாங்" என்று நிரப்பிவிட்டேன். நடை நேரம் என்ற கட்டத்தில் நான்காம் நாளுக்கு எதுவும் போடவில்லை. நண்பனுக்கும் ஷீட்டை அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. ஆனால் நேற்று ராத்திரி திறந்து பார்த்திருக்கிறான்.