அம்மாவுக்காக ஓர் ஓட்டம்

ஓட்டத்துக்கும் எனக்கும் ஸ்நானப்பிராப்தி கூடக் கிடையாது. பஸ்ஸைப் பிடிக்க நாலு எட்டு ஓடினாலே மூச்சு வாங்கும். அப்படிப்பட்ட நான், 36 வயதில், 42 கிலோமீட்டர் 195 மீட்டர் ஓடினேன் என்றால் நீங்கள் நம்பப் போவதில்லை. என் கணவரே நம்பவில்லை. "பத்திரிகைக்காரி அல்லவா? கட்டுரைக்கு விஷயம் அகப்படவில்லையாக்கும்!" என்று சிரித்தார்.

விஷயம் கட்டுரை அல்ல, அம்மா.

அம்மாவின் மார்பில் ஒரு கட்டி இருந்தது. எட்டு மாதம் அதைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டே எங்களுக்குக் காப்பி கலந்து கொடுத்தாள். பேரனுக்கு முறுக்குச் சுற்றினாள். டாக்டரிடம் போனபோது காலம் கடந்துவிட்டது. "ஏனம்மா சொல்லவில்லை?" என்று கேட்டேன். "வலிக்கவே இல்லையேடி!" என்றாள். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது என்பதுதான் அந்த நோயின் சூது. கூச்சம் என்று இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அம்மா போன மறு வருஷம், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட மாரத்தான் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தேன். "ஓடினால் துக்கம் தீர்ந்துவிடுமா?" என்று கேட்பீர்கள். தீராதுதான். ஆனால் துக்கத்தை வேலையாக மாற்றிக் காட்டியவர்கள் உண்டு. நம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரம்தான் 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. கானடாவில் டெர்ரி ஃபாக்ஸ் என்ற வாலிபன், எலும்புப் புற்றுநோயால் ஒரு காலை இழந்தான். 1980-ல் செயற்கைக் காலோடு, ஆராய்ச்சி நிதிக்காக 143 நாட்கள், ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடினான். நோய் நுரையீரலுக்குப் பரவி அவனை நிறுத்தியது. மறு வருஷம், 22 வயதில் மறைந்தான். அவன் பெயரால் இன்றும் பல தேசங்களில் ஓடுகிறார்கள். எனக்கு இரண்டு காலும் இருக்கின்றனவே!

கிலோமீட்டருக்கு ஒருவராக, 42 பேரிடம் ஆளுக்கு 500 ரூபாய் கேட்டு வாங்கினேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். பெண்கள் பலர் என்னை ஓரமாக அழைத்து, "எங்கள் அத்தைக்கும் அதுதான்", "அக்காவுக்கும் அதேதான்" என்று ரகசியம் போலச் சொன்னார்கள். ஒருவர் வாயிலும் நோயின் பெயர் வரவில்லை!

மாடி வீட்டு மாமி பணத்தைக் கொடுத்துவிட்டும் போகாமல் நின்றாள். "எனக்கும் ஒரு கட்டி இருக்குடி. வலிக்கவே இல்லை, அதான்..." என்று இழுத்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே வார்த்தை! மறுநாள் காலையே மாமியின் கையைப் பிடித்து டாக்டரிடம் அழைத்துப் போனேன். பரிசோதித்ததில் அது வெறும் கொழுப்புக் கட்டி என்று தெரிந்தது. மாமி சிரித்தாள், நான்தான் அழுதேன்.

ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, விடியுமுன்பே மெரீனா கடற்கரைச் சாலையில் கிளம்பினோம். என் முதுகில் அம்மாவின் பெயர். முப்பது கிலோமீட்டருக்கு மேல் கால்கள் கல்லாய்க் கனத்தன. நடந்தேன், ஓடினேன், மறுபடி நடந்தேன். ஒவ்வொரு கிலோமீட்டர் பலகையிலும் அதற்குப் பணம் கொடுத்தவரை நினைத்துக்கொண்டேன். 38-வது கிலோமீட்டர் மாமியுடையது. அதை மட்டும் நடக்காமல் ஓடினேன். கடைசி 195 மீட்டருக்கு யாரிடமும் பணம் வாங்கவில்லை. அது அம்மாவுடையது.

சகோதரிகளே, நீங்கள் யாரும் ஓட வேண்டாம். உடம்பில் கட்டியோ வேறு மாறுதலோ தென்பட்டால், வலிக்கட்டும் என்று காத்திராதீர்கள். வீட்டில் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். மறுநாளே டாக்டரிடம் போங்கள். நான் ஆறு மணி நேரம் ஓடிச் சொன்னதை, நீங்கள் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடலாம்.