கொசுவுக்கு ஒரு கீல்

நடக்காத வரலாற்றை எழுதிப் பார்க்கும் நாவலாசிரியனுக்கு உள்ள சுதந்திரம், அதைக் கையால் செய்து பார்ப்பவனுக்கு இல்லை. எழுத்தில் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும் மாற்றத்துக்கு இங்கே இடம் ஒதுக்க வேண்டும். அந்த இடத்தில் ஏற்கெனவே இருப்பதை வேறெங்காவது கொண்டுபோக வேண்டும். சிதம்பரத்தில் என் மேசைமீது சில மாதங்களாக உருவாகிவந்த ஒரு சிறு விமானம் கற்றுத்தந்த பாடம் இது.

அது ஃபாலண்ட் நாட். 1955இல் முதன்முதலாகப் பறந்த பிரிட்டிஷ் ஜெட் போர் விமானம். நாட் என்றால் கொசுவை ஒத்த பூச்சி. அதை வடிவமைத்த பெட்டர், போர் விமானங்கள் தலைமுறைதோறும் பருத்துக்கொண்டே போவதைச் சகிக்காதவர். வெற்று எடை ஏறக்குறைய 2,200 கிலோ மட்டுமே. பிரிட்டிஷ் விமானப்படை அதைப் பயிற்சி விமானமாகவே ஏற்றுக்கொண்டது. போர் விமானமாகக் கொண்டாடியது இந்தியாதான். பெங்களூரில் ஹெச்.ஏ.எல். அதைத் தயாரித்தது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில் உயிர்நீத்துப் பரம்வீர் சக்ரா பெற்ற நிர்மல் ஜித் சிங் செகோன் ஓட்டியதும் நாட் விமானமே.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கும் என் பெரியப்பா விமானப்படையில் தொழில்நுட்பப் பணியாளராக இருந்தவர். இளமையில் நாட், ஓய்வுக்கு முந்தைய ஆண்டுகளில் மிக்-23. பின்னது இறக்கைச் சாய்வைப் பறக்கும்போதே 16, 45, 72 பாகைகளுக்கு மாற்றிக்கொள்ளும். மெல்லப் பறக்கவும் தரையிறங்கவும் விரிந்த இறக்கை. விரைந்து செல்லப் பின்னோக்கி மடிந்த இறக்கை. அவருடைய இரண்டு விமானங்களையும் ஒன்றாக்கிக் கொடுக்க ஆசைப்பட்டேன். இது என் கற்பனை மட்டுமன்று. 1960இல் ஃபாலண்ட் நிறுவனத்தில் சேர்ந்த மாரிஸ் பிரென்னன் காலத்தில் அங்கே இப்படியொரு நாட் வரையப்பட்டது. காகிதத்தைத் தாண்டவில்லை.

1:72 அளவில் நாட்டின் நீளம் 12 சென்டிமீட்டர். இறக்கையின் அகலம் சுமார் 9. அதன் சக்கரங்கள் உடலுக்குள்ளேயே மடங்குவதால் இறக்கையை அறுத்துக் கீல் வைப்பது எளிது என்று தோன்றும். ஆனால் இரு கீல்களையும் இணைக்கும் உறுதியான உத்தரம் ஒன்று உடலின் குறுக்கே போயாக வேண்டும். அங்கே எந்திரமும் எரிபொருளும் இருக்கின்றன. எனவே முதுகை உயர்த்தினேன். வண்டிப்பாளையத்தில் கொலு பொம்மை செய்பவர்களிடம் கற்ற காகிதக்கூழை அப்பி, உப்புத்தாளால் தேய்த்தேன்.

அடுத்த சிக்கல் சமநிலை. இறக்கை பின்னால் மடியும்போது தூக்குவிசையும் பின்னால் நகர்ந்து மூக்கைக் கீழே அழுத்தும். 1951இல் பறந்த அமெரிக்க பெல் எக்ஸ்-5 இதற்காக முழு இறக்கையையுமே முன்னே நகர்த்தியது. பின்னால் வந்தவர்கள் கீலை உடலிலிருந்து வெளியே தள்ளி வைத்தார்கள். ஆனால் நாட்டின் குட்டை இறக்கையில் கீலை வெளியே தள்ளினால், மடிவதற்கு மிஞ்சுவது விரல்நுனி அளவுதான். அதற்காக இறக்கையை நீட்டினேன். நீட்டியதைத் தாங்க உத்தரத்தைத் தடிப்பாக்கினேன்.

கடலூருக்கு எடுத்துச் சென்றபோது பெரியப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குப்பா. ஆனா இது கொசு இல்ல, வண்டு."

பிறகு, இதுவரை எங்கள் வீட்டில் பேசாத ஒன்றைப் பேசினார். 1971இல் அவர் தயார்செய்து அனுப்பிய விமானம் ஒன்று திரும்பவில்லை. இருட்டும்வரை அதன் இடத்தைக் காலியாகவே வைத்திருந்தார்களாம். இதைப் போன்ற இறக்கை இருந்திருந்தால் திரும்பியிருக்குமா என்று கேட்டேன்.

"இவ்வளவு எடையோட அது அன்னிக்கு அவ்வளவு சீக்கிரம் மேல ஏறியே இருக்காது. வேற விமானம் போயிருக்கும், வேற பையன் போயிருப்பான். அவ்வளவுதான்."

கோபமில்லாமல் சொன்னார். ஐம்பது ஆண்டுகளாக அவரும் தமக்குள் அந்த விமானத்தை மாற்றி மாற்றிச் செய்து பார்த்திருக்கிறார் என்று அப்போது தோன்றியது.

இந்தியாவின் கடைசி மடக்கு இறக்கைப் போர் விமானமான மிக்-27, 2019 டிசம்பர் 27 அன்று ஜோத்பூரில் விடைபெற்றது. கீலும் உத்தரமும் கேட்ட எடையையும் பராமரிப்பையும் இன்று பெரும்பாலான வடிவமைப்பாளர்கள் ஏற்பதில்லை. அந்த வகையில் பெட்டரின் பிடிவாதத்துக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. இல்லாத ஒன்றைச் செய்து பார்க்கும்போதுதான், இருந்தது ஏன் அப்படி இருந்தது என்பது துலங்குகிறது. வண்டு இப்போது பெரியப்பாவின் அலமாரியில், இறக்கை விரித்தபடி நிற்கிறது.